சானடோரியம் பாட்டில்கள்

நம் வயதுக்காரர்களில் அந்தக் காலத்துக் கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இருந்தால் அழுகிய முட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாணவன் கையில் பெயர் தெரியாத ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அவன் அதைக் கரைத்து, கரைசலுக்குள் ஒரு வாயுவை விட வேண்டும். அடியில் கறுப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஏதாவது படியும். அந்த நிறத்தை வைத்து உப்பின் பெயரைப் பிடிக்க வேண்டும். அந்த வாயுவின் வாசனைதான் அழுகிய முட்டை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லை. தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவள். ஆனால் அந்த நாற்றத்தில்தான் வளர்ந்தேன். என் அப்பா தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக இருந்தார்.

வாயுவைத் தயாரிக்கும் கண்ணாடிக் கருவி அப்பாவின் பொறுப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கண்ணாடி உருண்டைகள். காலையில் அதில் ஆசிட் ஊற்றியதிலிருந்து சாயங்காலம் வடித்துக் கழுவி வைக்கும்வரை அதன் பக்கத்திலேயே நிற்பார். அவர் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் எப்போதும் கறுத்தே கிடக்கும். அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். இரண்டே நாளில் மறுபடி கறுத்துவிடும். அவர் சட்டையை எங்கள் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டாள். அப்புறம் அந்த இருமல். அப்பா தெருமுனை திரும்பும்போதே இருமல் வீட்டுக்குள் வந்துவிடும். அதைக் கேட்டு அம்மா காபிக்குத் தண்ணீர் வைப்பாள்.

எங்கள் வீட்டில் அதற்கு லேப் இருமல் என்று பெயர். மற்ற அட்டெண்டர்களும் கொஞ்சம் இருமுவார்கள். அப்பா அதிகம் இருமினார். கருவிக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அந்த லேபுக்குத்தான் பேராசிரியர் வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பேண்ட் காலில் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். வகுப்பில் இங்கிலீஷ், அட்டெண்டர்களிடம் தமிழ். அதுவரை கல்லூரிகளில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியர் மேடையில் நின்று நோட்ஸ் சொல்வார், பையன்கள் எழுதுவார்கள். லேபில் ஒருவன் செய்ய ஒன்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் அட்டெண்டரைக் காக்காய் பிடித்து, என்ன உப்பு வரப்போகிறது என்று கேட்டுக்கொள்வார்கள். அப்பாவிடமும் கேட்பார்கள். அப்பா, "இன்னா தம்பி, எனக்கு சமையல் உப்பு ஒண்ணுதான் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

பேராசிரியர் முதல் வாரம் லேபில் சும்மா நின்று பார்த்தாராம். அப்பா இருமுவதையும் பார்த்தாராம். "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டாராம். "நாலு வருஷம் இருக்கும் சார். வாயு படுதில்ல" என்றாராம் அப்பா. அதற்கப்புறம் அவர் சும்மா இருக்கவில்லை. குடம் குடமாக வாயுவும் டம்ளர் டம்ளராக ஆசிட்டும் எதற்கு, சொட்டுக் கணக்கில் செய்தால் அதே நிறம் வராதா என்று ஆரம்பித்தார். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னச் சோதனைக் குழாய்கள். மருந்து சொட்டும் கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொரு பையனுக்கும் தனியாக ஒரு மரத்தட்டு, தட்டு நிறையச் சின்ன பாட்டில்களில் திரவங்கள். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்க முடியாது. அவனவனே செய்ய வேண்டும், பார்த்ததை அவனவனே எழுத வேண்டும்.

மரத்தட்டுக்குப் பல்லாவரத்தில் ஆசாரி கிடைத்தார். சின்ன பாட்டில் எங்கே கிடைக்கும்? சீமையிலிருந்து வரவழைக்கக் கல்லூரியால் முடியாது. அப்போதுதான் அப்பா யோசனை சொன்னார். இரண்டு மைல் தள்ளி காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. ஊரில் எல்லோரும் சானடோரியம் என்போம். அங்கே நோயாளிகளுக்குத் தினமும் ஊசி. ஊசி மருந்து வந்த காலி பாட்டில்கள் கொல்லையில் மலை மாதிரி கிடக்கும். கட்டைவிரல் உயரம், ரப்பர் மூடி. பேராசிரியர் அப்பாவின் தோளைத் தட்டி, "நான் மூணு மாசமா மண்டையை உடைச்சிக்கிட்டு இருந்தேன், நீ அரை நிமிஷத்துல முடிச்சிட்ட" என்றாராம். அப்பா அதை எங்களிடம் எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு பாட்டில்கள் வந்தன. சனிக்கிழமை அப்பா சைக்கிள் கேரியரில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு வருவார். அம்மா பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சோடா உப்புப் போட்டு பாட்டில்களைக் கொதிக்க வைப்பாள். காகித லேபிள்கள் ஊறிக் கழன்று மிதக்கும். நானும் அக்காவும் கொல்லையில் உட்கார்ந்து, தென்னங்குச்சியில் துணி சுற்றி ஒவ்வொன்றாகக் கழுவி, பழைய புடவையில் கவிழ்த்துக் காயவைப்போம். வெயில் பட்டதும் கொல்லை முழுக்கப் பளபளக்கும். கொதிக்கிற ரப்பர் மூடியின் வாசனை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்தாள். காய்ந்த பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது அவள் வேலை. அப்பா கொண்டுவந்த பட்டியலைப் பார்த்து, மையைத் தொட்டுத் தொட்டு, அச்சடித்த மாதிரி இங்கிலீஷில் எழுதுவாள். எழுதுகிறவள் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? இது என்ன, அது எதற்கு, இதை அதில் ஊற்றினால் என்ன ஆகும் என்று அப்பாவைத் துளைத்தெடுப்பாள். தெரியாததை அப்பா மறுநாள் பேராசிரியரிடம் கேட்டுவந்து சொல்வார். இரண்டு மாதம் இப்படி நடந்தது. ஒரு நாள் பேராசிரியரே சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"கேள்வி கேக்கறது யாரு?"

அக்கா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். நான்தான் பிடித்து இழுத்துவந்தேன்.

"என் வகுப்புல அறுபது பேர். ஒருத்தன் இப்படிக் கேக்க மாட்டேங்கறான்" என்றார் பேராசிரியர். அப்பாவைப் பார்த்து, "ஜூன்ல இவளை பி.யூ.சி.யில சேக்கறோம். அப்புறம் பி.எஸ்சி. ஃபீஸைப் பத்தி நீ பேசாதே, அது என் பாடு" என்றார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வரிசை வீடுகளில் கல்லூரிக்குப் போன பெண் கிடையாது. ஆண்பிள்ளைகளே இரண்டு பேர்தான். அன்று சாயங்காலமே பல்லாவரம் போய் அக்காவுக்கு இரண்டு புடவை எடுத்துவந்தார். ஒன்று நீலம், ஒன்று காபிக்கொட்டை நிறம். எனக்கு எதுவும் எடுக்கவில்லை. நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அந்தக் கோடையில் மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்கு எங்கள் லேபில் பயிற்சி நடந்தது. மதுரை, திருச்சி, திருநெல்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். தலை நரைத்த பேராசிரியர்கள் எல்லாம் பையன்களைப் போல வரிசையில் நின்று சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்களாம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் இதையே எல்லாக் கல்லூரிக்கும் பாடத்திட்டமாக்கப் போகிறோம் என்று சொன்னார்களாம். கடைசி நாள் கூட்டத்தில் பேராசிரியர் பேசும்போது அப்பாவை முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்து, "இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, இவருடைய இருமல்" என்றாராம். எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, "நம்ம இருமலுக்கு இன்னா மவுசு பாத்தியா!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அம்மா முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே தானும் சிரித்தாள்.

அக்கா பி.யூ.சி.யில் சேர்ந்தாள். நீலப் புடவையில் கல்லூரி மணி அடிக்கும் முன்பே கிளம்பிவிடுவாள். சாயங்காலம் வந்ததும் என்னை உட்காரவைத்து அன்று நடந்ததையெல்லாம் ஒப்பிப்பாள். எனக்குப் பாதி புரியாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை, என் கல்யாணத்தில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. சளி என்று கஷாயம் கொடுத்தார்கள். ஜனவரியில் புடவை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனாள். ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது எச்சிலில் ரத்தம். சானடோரியத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, டி.பி. என்று சொல்லி, அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மா அழுதுகொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு டிரைவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல மனுஷி. எனக்கு இட்லி கொடுத்தவள். அவள்தான் கேட்டாள்.

"ஏம்மே, அந்த பாட்டிலுங்க எங்கேர்ந்து வந்துகினு இருந்துது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"டி.பி. ஆஸ்பத்திரிலேர்ந்துதானே? அத்தினி நோயாளி தொட்ட பாட்டிலு. வயசுப் பொண்ணை வுட்டுக் கழுவச் சொன்னீங்களே, வேற இன்னா வேணும்?"

அன்று மாலைக்குள் வரிசை முழுக்க அதுதான் பேச்சு. அப்பா வந்ததும் அம்மா அவரிடம் அதையே சொன்னாள். அப்பா கொல்லைக்குப் போய், அக்கா பெயர் எழுதி ஒட்டிக் காயவைத்திருந்த பாட்டில்களைப் புடவையோடு சுருட்டிக் கோணியில் திணித்தார். யோசனை சொன்னவர் அவர்தானே. அந்தப் பாரத்தை அவரால் ஒரு நாள்கூடச் சுமக்க முடியவில்லை. யார் மேலாவது இறக்கியாக வேண்டும். பேராசிரியர் மேல் இறக்கினார்.

அடுத்த வாரம் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அட்டெண்டர் ஒருவர் பேராசிரியரை வாசலில் நிறுத்துவது அந்த நாளில் நடக்கிற காரியமா? நடந்தது.

"இன்னாத்துக்கு சார் வந்தீங்க? எம் பொண்ணு அங்க ரத்தமா துப்பிக்கினு கெடக்குது. உங்க படிப்பு வளரணும்னு எங்க வூட்ல நோயைக் கொண்டாந்து கொட்டிட்டீங்க."

பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமினார். பேராசிரியர் அது அடங்கும்வரை அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "தப்பு என்னுதுதான்ப்பா" என்றார்.

"போங்க சார். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"வரலை. ஆனா வீட்டுல எல்லாரும் எக்ஸ்ரே எடுத்துக்கணும். லேப் ஆளுங்க எல்லாருக்கும் காலேஜ்ல ஆர்டர் போட்டிருக்கு. அதுக்கு மட்டும் மாட்டேன்னு சொல்லாதே."

பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். சாத்துக்குடியை யாரும் தொடவில்லை.

எக்ஸ்ரேயில் அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இருந்தது. "பாரு, என்னையும் புடிச்சிருச்சி அந்த பாட்டிலு" என்றார் அப்பா. அவருக்கும் ஊசி, மாத்திரை என்று ஒன்றரை வருஷம் ஓடியது. லேப் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து லைப்ரரிக்கு மாற்றிக்கொண்டார். அந்த இருமல் போயே போய்விட்டது. லேபை விட்டதால்தான் போனது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா கோணியில் கட்டிய பாட்டில்களை ஏரியில் கொட்டுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், கொட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதிலிருந்து என் பள்ளிக்கூடப் பை நிறைய அள்ளிக்கொண்டு, கல்லூரி வளாகத்துக்குள் இருந்த பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். வாசல் படிக்கட்டில் ஒவ்வொன்றாக எறிந்து உடைத்தேன். எல்லாவற்றிலும் அக்கா கையெழுத்து. நாலைந்து உடைந்ததும் பேராசிரியர் வெளியே வந்தார். நான் நிறுத்தவில்லை. அவரும் தடுக்கவில்லை. பை காலியாகும்வரை நின்றார். பிறகு உள்ளே போய்த் துடைப்பத்தோடு வந்து குனிந்து கூட்ட ஆரம்பித்தார்.

"செருப்புப் போடாம வந்திருக்கியேம்மா" என்றார். "அந்தப் பக்கமாப் போ. இங்கே கண்ணாடி."

நான் தரையில் எச்சில் துப்பிவிட்டு ஓடிவந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவைத் தவிர.

அக்கா ஒரு வருஷம் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். உடம்பு தேறிவிட்டது. ஜூன் மாதம் கல்லூரியிலிருந்து ஒரு விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. பேராசிரியர் தன் கையாலேயே அக்காவின் பெயரை நிரப்பி அனுப்பியிருந்தார். அப்பா அதை அடுப்பில் வைத்தார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஜூனிலும் வந்தது. அதையும் வைத்தார். வேறு கல்லூரியாவது, வேறு பாடமாவது என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "படிச்சது போதும். பொண்ணு உயிரோட இருந்தா போதும் எனக்கு" என்றார் அப்பா. பிறகு படிவம் வரவில்லை.

டி.பி. வந்த பெண் என்று வரன் எதுவும் அமையவில்லை. அக்கா தையல் கற்றுக்கொண்டாள். எனக்குக் கல்யாணமானது, அம்மா போய்ச் சேர்ந்தாள், அக்காதான் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் பரீட்சை முடிவுகள் பேப்பரில் வரும் நாளில் அப்பா பழசை எடுப்பார். "நீ எங்கியோ போயிருப்ப. அந்த ஆளு கெடுத்துட்டான்" என்பார். அக்கா, "ஆமாம்ப்பா" என்பாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். இதற்குள் பேராசிரியரின் முறை எல்லாக் கல்லூரிக்கும் போய்விட்டது. என் மகன் கெமிஸ்ட்ரி எடுத்தபோது அவன் கையிலும் அதே சொட்டுக் குழல்கள்தான். அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேராசிரியர் இறந்த செய்தி வந்த அன்றுகூட நான் வருத்தப்படவில்லை.

அப்பா எண்பத்து மூன்று வயதில் போனார். அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். நான் ஏதோ பேச்சில் பேராசிரியரைப் பற்றி ஒரு மட்டமான வார்த்தை சொன்னேன். அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இனிமே அப்படிப் பேசாதே. அப்பா போயிட்டாரு. இனிமே பேச வேண்டியதில்லை."

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். வார்டில் படுத்திருந்தபோது அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. பாட்டிலில் இருந்தது டி.பி.க்கு மருந்து. அதையும் கொதிக்கவைத்துத்தான் கழுவினோம். அதிலிருந்து எப்படிக் கிருமி வரும்? டாக்டரைக் கேட்டிருக்கிறாள். பாட்டிலில் வராதம்மா, கூட இருந்து இருமுகிறவர்களிடமிருந்து காற்றில்தான் வரும் என்றிருக்கிறார் அவர். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவுக்கு அத்தனை வருஷமாக இருந்தது லேப் இருமல் இல்லை.

"சர்ச் முடிஞ்சு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சார் வார்டுக்கு வருவாரு. உங்களுக்கெல்லாம் தெரியாது" என்றாள் அக்கா. "டாக்டர் அவருக்கு முன்னாடியே சொல்லியிருந்தாரு. நான் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதாரும்மா, அவ்ளோ பெரிய மனுஷன். அந்த இருமலைக் கேட்டுப் பாடத்திட்டத்தையே மாத்தினேன், ரெண்டு மைல்ல ஆஸ்பத்திரி இருக்கு, ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போகணும்னு தோணலையே எனக்குன்னாரு. அப்புறம், உங்க அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, சொன்னா உன்னைத் திரும்பப் படிக்க விடுவாருன்னு கேட்டாரு."

"சொல்லச் சொல்ல வேண்டியதுதானே!" நான் கத்திவிட்டேன். "நீ படிச்சிருப்பியே!"

"சொன்னா அப்பா என்ன ஆகியிருப்பாரு? பொண்ணுக்கு நோயைக் கொடுத்தது நான்தான்னு தெரிஞ்சிக்கிட்டு ஒரு நாள் இருப்பாரா? சார்கிட்ட வேணாம்னேன். அவரை ஊரே ஏசும்னு தெரியும். அதையும் சொன்னேன். ஏசட்டும்னாரு."

நான் படிக்கட்டில் பாட்டில் உடைத்த கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். அந்த வாரமே அவர் வார்டில் வந்து, உன் தங்கச்சிக்கு உன் மேல் எவ்வளவு பிரியம் பார் என்று சொன்னாராம்.

"அவர் செத்தப்பவாவது போய் ஒரு தரம் முகத்தைப் பாத்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"கிளம்பினேன். புடவைகூட மாத்திட்டேன். அப்பா நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. திரும்ப வந்து உக்காந்துட்டேன்." அக்கா துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். "போயிருந்தா அழுதிருப்பேன். அழுத முகத்தோட வந்தா அப்பா ஏன்னு கேட்டிருப்பாரு."